‘போயிட்டு வரேன்’ என்ற வாக்கியத்துக்கு ஒரு விளக்கக் கடிதம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விளக்கக் கடிதமாகத்தான் தொடங்கியது. நான் தப்பு செய்துவிட்டேன் என்பது விளக்கம் கேட்டவர்கள் கருத்து. என் கருத்தும் அதுதான். இரண்டு தரப்பும் இப்படி ஒத்துப்போகும்போது கடிதம் ஒரே வரியில் முடிந்திருக்க வேண்டும். ‘ஆமாம், தப்புதான், மன்னிக்கவும்’ என்று எழுதி அனுப்பியிருந்தால் இந்நேரம் துணி காயப்போட்டிருப்பேன்.

‘ஐயா, கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணியளவில் மடிப்புப் பிரிவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர்’ என்பதுவரை அது கடிதமாகத்தான் இருந்தது. அடுத்த வரியில், ‘தன் ஏப்ரனைக் கழற்றி, நான்காக மடித்து, என்ன நினைத்தாரோ, மடித்ததை மறுபடி உதறிக் கொக்கியில் மாட்டினார்’ என்று எழுதினேன். எந்த விளக்கக் கடிதத்திலும் யாரும் ஏப்ரனை உதறமாட்டார்கள். அந்த இடத்தில் கடிதம் கையைவிட்டுப் போய்விட்டது.

கெடு வியாழக்கிழமை காலை பதினொரு மணி. இன்று வியாழக்கிழமை. மணி எட்டே முக்கால்.

2

என்னை எழுத்தாளர் என்று சொல்பவர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருத்தி என் நாத்தனார். அவளும் கோபம் வந்தால்தான் சொல்வாள்: “பெரிய எழுத்தாளர் இல்ல, அதான் போன் எடுக்க மாட்டேங்கறீங்க.” இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன். விற்காத பிரதிகள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. கட்டில் ஆடாமல் இருப்பதற்கு அவையும் ஒரு காரணம்.

வயிற்றுப்பாட்டுக்கு நான் செய்வது வேறு வேலை. பெரிய நிறுவனங்கள் இப்போது ஆட்களைக் கவனித்துக்கொள்ள ஓர் இயந்திரத்தை வைத்திருக்கின்றன. லீவு கேட்பது, ஷிப்டு மாற்றுவது, உள்ளேயே வேறு வேலைக்கு விண்ணப்பிப்பது, ராஜினாமா செய்வது எல்லாம் அதனிடம்தான். சுவரில் மாட்டிய ஒரு திரை, அதிலிருந்து ஒரு பெண்குரல், அவ்வளவுதான். ஆனாலும் தொழிலாளிகள் அதைப் பொட்டி என்கிறார்கள். மரியாதை தோன்றும் நாட்களில் பொட்டி மேடம். பொட்டிக்குப் பேச்சுத் தமிழ் புரிய வேண்டுமே. அதற்காக, பொட்டியைத் தயாரித்த மென்பொருள் நிறுவனத்தார் நாலாயிரம் வாக்கியங்களை என்னிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் அர்த்தத்துக்கு டிக் போடச் சொன்னார்கள்.

இதில் நான் கெட்டிக்காரி. ‘பார்க்கலாம்’ என்ற வாக்கியத்துக்கு ‘மறுப்பு’ என்று டிக் போட்டேன். ‘பரவாயில்லை’ என்பதற்கு ‘வருத்தம், நடுத்தரம்’. ‘நான் எதுக்குக் கோபப்படப் போறேன்?’ என்பதற்கு ‘கோபம், கடுமையானது’. ‘இதோ வந்துட்டேன்’ என்பதற்கு ‘இன்னும் கிளம்பவில்லை’. இந்தக் கடைசி டிக்கைப் பாராட்டி மென்பொருள் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதமே வந்தது. அதை நாத்தனாருக்கு இரண்டு முறை அனுப்பினேன்.

அப்புறம் வந்தது 2,911ஆவது வரி. அங்கிருந்து நாற்பது வரிகள் ஒரே குடும்பம். ‘பேங்குக்குப் போயிட்டு வரேன்.’ ‘கல்யாணத்துக்குப் போயிட்டு வரேன்.’ ‘தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வரேன்.’ எல்லாம் லீவு கேட்பவர்கள் பேசுவது. முதல் வரியில் ‘திரும்புவார்’ என்று டிக் போட்டேன். அடுப்படியில் பால் பொங்கியது. டிக்கின் ஓரத்தைப் பிடித்து நாற்பது வரிக்கும் ஒரே இழுப்பாகக் கீழே இழுத்துவிட்டு ஓடினேன்.

2,950ஆவது வரியில் வெறுமனே ‘சரி, போயிட்டு வரேன்’ என்று மட்டும் இருந்தது. எங்கே போகிறார், எப்போது வருவார் என்று ஒன்றும் இல்லை. அந்த வரியை நான் படிக்கவே இல்லை. பாலும் பாதி போய்விட்டது.

3

அந்த மடிப்புப் பிரிவுப் பெண்மணியை, எல்லோரும் கூப்பிடுகிறபடி மடிப்பக்காவை, உங்களுக்கு எப்படி அறிமுகம் செய்வது என்று சில தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

தொடக்கம் ஒன்று: ‘மழை பெய்துகொண்டிருந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே’

(நிறுத்திவிட்டேன். இதை என் நாத்தனாருக்குப் போனில் படித்துக் காட்டினேன். மடிப்பக்கா வேலை பார்த்த சலவை நிலையத்தில் அவள்தான் ஹெச்.ஆர். அதிகாரி. நான் சொல்லப்போகும் முக்கால்வாசிச் செய்தி அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். “மடிப்பு செக்‌ஷன்ல ஜன்னலே கிடையாது அண்ணி. தூசி வரும்னு அடைச்சாச்சு. மழைதான் வேணும்னா வாஷிங் மெஷினத் தொறந்து பாருங்க” என்றாள்.)

தொடக்கம் இரண்டு: ‘பத்தொன்பது ஆண்டுகள். நாளொன்றுக்கு எண்ணூறு படுக்கை விரிப்புகள். பெருக்கிப் பார்த்தால்’

(பெருக்கிப் பார்த்தேன். பெரிய எண்ணாக வந்தது. பெரிய எண்ணைக் காட்டி வாசகரை உச்சுக்கொட்ட வைப்பது எனக்குப் பிடிக்காது.)

தொடக்கம் மூன்று: ‘அந்த அபலைப் பெண்’

(“யாரு? அவங்களா?” என்று நாத்தனார் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஈரத் துணி ஏற்றிய தள்ளுவண்டியை மடிப்பக்கா ஒரு கையால் தள்ளிக்கொண்டு மறு கையால் கொண்டை போடுவாராம்.)

தொடக்கம் நான்கு: ‘மடிப்பக்காவுக்கு வண்டி ஓட்ட ஆசை.’

இதற்கு நாத்தனார் சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. “ம்” என்றாள். எனவே இங்கிருந்து போகலாம்.

4

மடிப்பக்காவுக்கு வண்டி ஓட்ட ஆசை.

அந்தச் சலவை நிலையத்தில் ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்குமான விரிப்புகளை வெளுக்கிறார்கள். ஆளுயர இஸ்திரி உருளையிலிருந்து விரிப்பு ஆவி பறக்க வெளியே வரும். இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, கை சுடுவதற்குள் மடித்து அடுக்க வேண்டும். அதில் ஒருவர் மடிப்பக்கா. அவர் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே சரக்கு ஏற்றும் கதவு. கதவு திறக்கும்போதெல்லாம் வேன்கள் பின்பக்கமாக வந்து நிற்பதும் போவதும் தெரியும். ஜன்னல் இல்லாத அந்தப் பிரிவில் பார்ப்பதற்கு இருந்தது அது ஒன்றுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், நாற்பத்தாறு வயதில், டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். காலை ஆறு மணி வகுப்பு, அது முடிந்து நேராக ஷிப்டு. கனரக வாகனமே ஓட்டிப் பழகினார். முதல் தேர்வில், வளைந்த பாதையில் ஒரு கோடு தொடாமல் பின்னால் எடுத்துவிட்டு, சீட் பெல்ட் போட மறந்து தோற்றார். இரண்டாவதில் லைசன்ஸ் வாங்கினார். வீட்டுக்காரரிடம் காட்டியபோது அவர், “நீ தாராளமா ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து கண்ண மூடிக்கறேன்” என்றாராம். ஆனால் அந்த லைசன்ஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்ததும் அவர்தான்.

சலவை நிலையத்திலேயே வேன் ஓட்டுநர் இடம் காலியானது. அக்கா பொட்டியிடம் விண்ணப்பித்தார்.

“விண்ணப்பத்துக்கு நன்றி. உங்கள் திறன்கள்: மடித்தல், அடுக்குதல், எண்ணுதல். இந்தப் பணிக்கான பொருத்தம் பதினொரு சதவீதம்.”

“லைசன்ஸ் இருக்கும்மா.”

“உங்கள் திறன்கள்: மடித்தல், அடுக்குதல், எண்ணுதல்.”

இப்படி மூன்று முறை. நாத்தனாருக்கு இது எதுவும் தெரியாது. நாற்பது சதவீதத்துக்குக் கீழே உள்ள விண்ணப்பங்களைப் பொட்டி தானே வடிகட்டிவிடும், அவள் திரைக்கு வரவே வராது. “வந்திருந்தா விட்டிருப்பேனா அண்ணி?” என்று கேட்டாள். கேட்டபோது குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனைக்கும் தினம் இரண்டு வேளை மடிப்பக்காவைத் தாண்டித்தான் அவள் தன் அறைக்குப் போய்வருகிறாள்.

(இந்த இடத்தில் ஒரு குட்டிக் கட்டுரை. அவசரக்காரர்கள் ஐந்தாம் பகுதிக்குப் போகலாம், கோவித்துக்கொள்ள மாட்டேன். வேலையின் எதிர்காலம் பற்றிப் பேசுகிறவர்கள், இனிமேல் மனிதருக்குப் பதவி முக்கியமில்லை, திறன்கள்தான் முக்கியம், ஒவ்வொருவரும் ஒரு திறன் பை என்கிறார்கள். எனக்கு இது பிடித்தே இருக்கிறது. அந்தப் பைக்குள் கையைவிட்டுப் பார்ப்பது யார் என்பதுதான் என் கேள்வி. சுமை ஏற்றிய தள்ளுவண்டியை, இடுப்பொடிந்த மாதிரி வளையும் நடைபாதையில், சுவரில் உரசாமல், பின்பக்கமாகவே லிப்டுவரை கொண்டுபோவார் மடிப்பக்கா. எந்த மூட்டை எந்த ஆஸ்பத்திரியில் எந்த மாடிக்கு என்பது மனப்பாடம். எதிரே பிடிப்பவர் அசந்தால் மூன்றாவது முனையையும் தானே எட்டிப் பிடிப்பார். இத்தனைக்கும் சேர்த்துப் பொட்டியின் பட்டியலில் இருந்த சொல் ‘மடித்தல்’. பட்டியல் போட்டவரைத் திட்டலாம் என்று பார்த்தேன். மனசு வரவில்லை. அவரும் ஒரு டிக்கைப் பிடித்து மடிப்புப் பிரிவு முழுவதற்கும் இழுத்துவிட்டிருப்பார். அவர் வீட்டிலும் பால் பொங்கியிருக்கும்.)

5

மூன்றாவது முறையும் பதினொரு சதவீதம் வந்த பிறகு அக்கா ராஜினாமா செய்தார். பார்சல் கிடங்கு ஒன்றில் பொட்டலம் பிரிக்கும் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதுவும் ஓட்டும் வேலை இல்லை. “அங்கயாச்சும் வண்டிக்குப் பக்கத்துல நிப்பேன்” என்று கூட்டாளிகளிடம் சொல்லியிருக்கிறார்.

விலகுகிறவர்களைப் பேட்டி எடுப்பதும் பொட்டிதான். காலணி அலமாரிக்குப் பக்கத்து அறையில், அந்த வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு நடந்ததன் பதிவு என்னிடம் இருக்கிறது. ஒரு வார்த்தை கூட்டவில்லை.

“விலகுவதற்கான காரணம்?”

“வண்டி.”

“போக்குவரத்துச் சிரமம் என்று பதிவு செய்யப்பட்டது.”

“ஐயோ, இல்லம்மா. வண்டி ஓட்டணும்.”

“நன்றி. சக ஊழியர்களுடன் உங்கள் உறவு எப்படி இருந்தது?”

“அதுக்கென்ன, சண்டையும் சச்சரவுமா ரொம்ப நல்லா இருந்துச்சு.”

(இங்கே பொட்டி ஐந்து விநாடி பேசாமல் இருக்கிறது. பாவம்.)

“இறுதியாக ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?”

ஏப்ரனைக் கழற்றி, மடித்து, உதறி, மாட்டியது இப்போதுதான்.

“ஒண்ணுமில்ல. சரிம்மா, போயிட்டு வரேன்.”

வேறு என்ன சொல்வார்? தமிழ் பேசுகிறவர்கள் ‘போறேன்’ என்று சொல்வது சண்டை போட்டுக்கொண்டு கிளம்பும்போதுதான். ஒரேயடியாகப் போகிறவர்களும் ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்லிக்கொண்டு போகிறார்கள். வழியனுப்புகிறவர்களும் ‘போயிட்டு வாங்க’ என்கிறார்கள். இரண்டு பேருக்கும் உண்மை தெரியும். இருந்தும் சொல்கிறோம். இதைப் பொட்டிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவள் நான்.

பொட்டி 2,950ஆவது வரியைப் பார்த்தது. என் டிக் இருந்தது. மடிப்பக்காவின் பெயருக்கு எதிரே ‘விலகுபவர்’ என்பதை அழித்து, ‘திரும்புவார்’ என்று எழுதிக்கொண்டது.

6

சனிக்கிழமை காலை அக்காவின் போனுக்குச் செய்தி வந்தது. ‘நீங்கள் திரும்பி வருவதில் மகிழ்ச்சி. எந்தப் பணிக்குத் திரும்ப விரும்புகிறீர்கள்?’ கீழே காலியிடங்களின் பட்டியல். பட்டியலில் வேன்.

விட்டுப்போன பழைய ஆட்களைச் சீக்கிரம் திரும்பப் பிடிப்பதற்காக நிர்வாகம் வைத்திருந்த தனி வழி அது. அந்த வழியில் வருகிறவர்களுக்குப் பொருத்தமும் கிடையாது, சதவீதமும் கிடையாது. தேவையான சான்றிதழ் இருந்தால் போதும். பத்தொன்பது வருடம் உள்ளே இருந்தவருக்குத் திறக்காத கதவு, வெளியே போன மறுநாள் திறந்தது. அக்கா லைசன்ஸைப் படமெடுத்து அனுப்பினார். முதல் படத்தில் வீட்டுக்காரரின் கட்டைவிரலும் விழுந்திருந்ததால் இன்னொன்று எடுத்தார்கள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: ‘உறுதி செய்யப்பட்டது. திங்கள் காலை ஏழு மணி. மூன்றாம் எண் வேன்.’

திங்கள் காலை வாசலில் மடிப்பக்காவைப் பார்த்து என் நாத்தனார் திகைத்துப்போனாள்.

“அக்கா, நீங்க போயிட்டீங்கல்ல?”

“போயிட்டு வந்துட்டேன்” என்றார் அக்கா.

நாத்தனார் தன் திரையைப் பார்த்தாள். எல்லாம் பச்சையாக இருந்தது. சாவியை எடுத்துக் கொடுத்தாள். வேலையில் சேர்ந்த இத்தனை வருடத்தில், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதும் அதற்காகச் சந்தோஷப்பட்டதும் அன்றுதான் என்று என்னிடம் சொன்னாள்.

மூன்று வாரம் எல்லாம் நன்றாகப் போனது. காட்டிக்கொடுத்தது ஓய்வுபெற்ற வாட்ச்மேன்.

அவரும் விடைபெறும்போது பொட்டியிடம் ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து தினமும் அவருக்கு, ‘நாளை உங்கள் ஷிப்டு காலை ஆறு மணி’ என்று செய்தி வந்துகொண்டிருந்தது. பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். பதினொன்றாம் நாள் சீருடையை இஸ்திரி போட்டு அணிந்து, வந்து, தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். கேட்டதற்கு, “கூப்புட்டுக்கிட்டே இருந்தாங்க. மரியாதைக்கு ஒரு எட்டு வந்தேன்” என்றார். ஓய்வுபெற்றவர் எப்படி ஷிப்டுக்கு வந்தார் என்று தலைமை அலுவலகம் நூலைப் பிடித்து இழுத்தது. நூல் 2,950ஆவது வரிக்கு வந்தது. அங்கிருந்து என் வீட்டுக்கு.

7

மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்த கடிதம் சின்னது. ‘கீழ்க்காணும் வாக்கியத்தின் சரியான பொருளைத் தேர்ந்தெடுத்து விளக்கம் தருக.’ வாக்கியத்துக்குக் கீழே இரண்டு கட்டங்கள்: திரும்புவார், திரும்பமாட்டார். ‘வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குள் பதில் வராவிட்டால் பதிவுகள் முந்தைய நிலைக்கு மாற்றப்படும்.’

டிக் போட உட்கார்ந்தவளுக்குப் போன் வந்தது.

“அண்ணி, டிக் போட்டுட்டீங்களா?”

“போடப் போறேன். திரும்பமாட்டார்தானே சரி?”

“சரிதான். ஆனா அதப் போட்டா பொட்டி பின்னாடி போய் எல்லாத்தையும் திருத்திடும். அக்கா திரும்பி வந்தவங்கன்னுதான் வண்டியே குடுத்துச்சு. திரும்பி வரலன்னு ஆயிட்டா வண்டி போயிடும்.”

“மறுபடி விண்ணப்பிக்கட்டுமே?”

“மறுபடியும் பதினொரு சதவீதம்தான்.”

“அப்போ திரும்புவார்னு போட்டுடறேன்.”

“போட்டா வாட்ச்மேன் தாத்தா நாளைக்கும் வருவாரு. இங்கேருந்து யாருமே போக முடியாது அண்ணி!”

 அப்புறம் யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரித்து முடித்ததும், “பெரிய எழுத்தாளர் இல்ல, ஏதாச்சும் பண்ணுங்க” என்றாள். இந்த முறை கோபத்தில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

8

ஏழாம் பகுதிவரை எழுதிப் படித்துப் பார்த்ததில் எனக்கொரு சந்தேகம் வந்தது. இந்த மடிப்பக்கா கொஞ்சம் அதிகப்படியாக நல்லவராக இருக்கிறார். ஒரு கையால் வண்டி தள்ளுகிறார், வீட்டுக்காரர் பகடி பேசுகிறார், வாசலில் பதில் சொன்னால் அது வசனமாகவே விழுகிறது. நாத்தனார் அவருக்கு ஒப்பனை போட்டு என்னிடம் அனுப்பியிருக்கிறாளோ? (உண்மையைச் சொன்னால், முதல் ஏழு பகுதிகளையும் நேற்றுக் காலை எழுதினேன். ‘மணி எட்டே முக்கால்’ என்று முதல் பகுதியில் போட்டிருப்பது இன்று சேர்த்தது. கதையில் இதெல்லாம் சகஜம்.) எனவே நேற்றுப் பிற்பகல் நேரில் போனேன்.

நான் போனபோது மூன்றாம் எண் வேன் சரிவில் பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தூண். தூணுக்கும் வண்டிக்கும் நாலு விரல் இடைவெளி. ஒரே மூச்சில் ஏறி, மேடையில் ரப்பர் படும் சத்தம்கூடக் கேட்காமல் நின்றது. கதவைத் திறந்து இறங்கியவர் நான் நினைத்ததைவிடக் குள்ளம். சீட்டில் ஒரு விரிப்பை எட்டாக மடித்து, உயரத்துக்காகப் போட்டிருந்தார். இதை நாத்தனார் சொல்லவில்லை. சந்தேகம் தீர்ந்தது.

“எழுத்தாளரம்மாவா? பொட்டிக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தது நீங்கதானாமே?”

“தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன் அக்கா. ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ‘போயிட்டு வரேன்’னு சொன்னீங்களே, வரணும்னு நெனச்சா சொன்னீங்க?”

“இதென்ன கேள்வி? பின்ன ‘போறேன்’னா சொல்லுவாங்க? வாய்க்கு நல்லாவா இருக்கும்?”

“அப்போ வர்றதா நெனைக்கல.”

 அக்கா தோளில் கிடந்த துணியை எடுத்துப் பக்கவாட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி.

“பழக்கத்துல வந்துடுச்சுங்க. சொல்லிட்டுப் படி எறங்கறப்பதான் ஒறச்சுது. வரேன்னு சொன்னோமே, எங்க வரப்போறோம்னு. சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு அழுதேன். யாரு பாத்தா என்னன்னு அழுதேன்.” துணியை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். “மூணு தடவ மனசாரக் கேட்டேன், பொட்டி நம்பல. சும்மா வாய் வார்த்தைக்கு ஒண்ணச் சொன்னேன், அத அப்படியே நம்பிடுச்சு. நான் சொன்னத இந்தக் கட்டடத்துல யாரோ ஒருத்தர் அப்படியே நம்புனது அதான் மொத தடவ. மறுநாள் அந்த மெசேஜப் பாத்துட்டு எனக்குச் சிரிப்பும் நிக்கல, அழுகையும் நிக்கல.”

  நாலாயிரம் டிக்கில் ஒன்றே ஒன்றுதான் ஒரு மனுஷியின் வாழ்க்கையில் விளக்கேற்றியிருக்கிறது. அது நான் படிக்காமல் போட்டது.

இரண்டு கட்டங்களைப் பற்றியும் சொன்னேன். எந்தக் கட்டத்தில் டிக் போட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். அக்கா கைகட்டிக் கேட்டுக்கொண்டார்.

“பொய் எழுதி எனக்கு வண்டி வேணாங்க. உள்ளத எழுதுங்க. ஆனா ஒண்ணு. வரேன்னு சொன்னேன். வந்துட்டேன்ல? அதையும் சேத்து யோசிங்க.”

ஏறி உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“நாளைக்குப் பதினொண்ணு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கறப்ப உங்க தெரு வழியா ஆஸ்பத்திரிக்குப் போவேன். ஏத்தி எறக்கற ஆளு லீவு. நாலு மூட்ட தூக்குவீங்கன்னா வாங்க. எழுத்தாளருங்களும் ஒரு வேல பழகி வெச்சுக்கறது நல்லதுதான?”

9

முடிவுகள். நான்கு கைவசம் இருக்கின்றன.

முடிவு அ. ‘திரும்பமாட்டார்’ என்று டிக் போடுகிறேன். இலக்கணம் காப்பாற்றப்படுகிறது. வாட்ச்மேன் நிம்மதியாகத் தூங்குகிறார். மூன்றாம் எண் வேனின் சாவி ஆணிக்குத் திரும்புகிறது. மடிப்பக்கா மறுபடியும் பொட்டியின் முன்னால் நின்று, ‘சரிம்மா, போயிட்டு வரேன்’ என்கிறார். இந்த முறை பொட்டி மிகச் சரியாகப் புரிந்துகொள்கிறது. அவர் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம்

(கிழித்துவிட்டேன். கணினியில் கிழிக்க முடியாது என்பதால் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

முடிவு ஆ. ‘திரும்புவார்’. திங்கட்கிழமை காலை சலவை நிலைய வாசலில் கூட்டம். ஓய்வுபெற்றவர்கள், வேறு வேலைக்குப் போனவர்கள், கல்யாணமாகித் தொலைதூரம் போனவர்கள், போன வருடம் கோபித்துக்கொண்டு போன சமையல்காரர் எல்லோரும் ஷிப்டுக்கு வந்து நிற்கிறார்கள். நாத்தனார் நாற்காலி போட்டு மாளவில்லை. வாட்ச்மேன் எல்லோருக்கும் டீ சொல்கிறார். (எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஆனால் வேலையை விட்டுப் போகும் உரிமை இல்லாத இடத்தில் திரும்பி வருவதற்கு என்ன மதிப்பு? இதையும் ஒதுக்கி வைத்தேன்.)

முடிவு இ. நாத்தனார் ரகசியமாக மடிப்பக்காவின் திறன் பட்டியலில் ‘ஓட்டுதல்’ என்று சேர்த்துவிடுகிறாள். பொருத்தம் தொண்ணூறு சதவீதத்துக்கு ஏறுகிறது. எல்லோரும் தப்பித்தோம். இதை அவளிடம் படித்துக் காட்டினேன். “மூணு மாசம் ஓட்டியிருந்தாத்தான் அது ஏறும் அண்ணி. அக்கா ஓட்டுனது மூணு வாரம். உங்க கதைக்காக என் வேலைய விட்டுட முடியுமா? நானும் போயிட்டு வரேன்னு சொல்லிக்கிட்டுத் திரியணும்” என்றாள். அடித்துவிட்டேன்.

முடிவு ஈ. இது கதையில்லை, நேற்று மாலை நடந்தது. மென்பொருள் நிறுவனத்துக்குப் போன் செய்து, மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன். அதற்குப் பெயரும் சொன்னேன்: ‘அவரையே கேட்கவும்’. வாசலைத் தாண்டுகிறவரிடம் பொட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். ‘நிஜமாகவே வருவீர்களா? எந்த வேலைக்கு வர ஆசை?’ பத்தொன்பது வருடத்தில் யாரும் மடிப்பக்காவிடம் கேட்காத கேள்வி அது. மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். அருமையான யோசனை என்றார். குறித்துக்கொண்டதாகவும் சொன்னார். கடைசியில், “பார்க்கலாம் மேடம்” என்றார்.

(அந்தச் சொல்லுக்கு நான் போட்ட டிக் உங்களுக்கு நினைவிருக்கும்.)

10

மணி பத்து நாற்பத்தேழு.

கடிதம் இன்னும் திரையில் திறந்தே இருக்கிறது. விளக்கம் எழுத விட்டிருந்த இடத்தில் இந்தக் கதை முழுவதையும் ஒட்டிவிட்டேன். படிக்கிற அதிகாரிக்கு நல்ல பொழுது. மிச்சமிருப்பது டிக் மட்டும்தான். காலியாக விட்டாலும் பழைய நிலைக்குப் போய்விடும் என்று எழுதியிருக்கிறார்கள், ஆகவே காலியாக விடுவதும் ஒரு டிக்தான்.

என்னால் போட முடியவில்லை. ஒரு முறை படிக்காமல் போட்டேன், சந்தோஷம் வந்தது. இப்போது படித்துப் படித்து, இரண்டு கட்டத்துக்கும் நடுவிலேயே நிற்கிறேன். நீங்கள் என்னைப்போல் இல்லை. பால் எதுவும் பொங்கவில்லை, நாத்தனார் கூப்பிடவில்லை, எல்லா வரிகளையும் நிதானமாகப் படித்திருக்கிறீர்கள். ஏப்ரனை மடித்ததும் தெரியும், உதறியதும் தெரியும். புத்தகம் உங்களுடையது என்றால் பென்சிலால் போடுங்கள். நூலகத்துடையது என்றால் மனதுக்குள் போடுங்கள், அதுவும் செல்லும்.

வாசலில் ஹாரன். மடிப்பக்கா சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி வந்துவிட்டார்.

“எழுத்தாளரம்மா! வரீங்களா இல்லையா?”

“இதோ வந்துட்டேன்!” என்று ஜன்னல் பக்கம் கத்துகிறேன். இன்னும் நாற்காலியைவிட்டு எழவில்லை. செருப்பு எங்கே என்றும் தெரியவில்லை.

இரண்டாவது ஹாரன். இது சற்று நீளம்.

சரி, நான் போயிட்டு வரேன்.

☐ திரும்புவார்

☐ திரும்பமாட்டார்